தண்ணீருக்குள் போன கோடு

ஜெகதீஸ்வரனுக்கு லாரி தெரியும். லாரி மட்டும்தான் தெரியும். சங்ககிரியில் பதினொரு லாரி வைத்திருந்தவர், குமாரபாளையத்துக்குக் கீழே காவிரியில் ஆட்களை அக்கரை சேர்க்கலாமென்று ஒரு பழைய இரும்புப் படகை வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் காரியம், அதைப் பட்டறைக்கு அனுப்பி லாரிக்குக் கட்டுவது போலவே பாடி கட்டியது. சுற்றிலும் இரண்டடி உயரத்துக்குத் தகடு, தாங்க ஆங்கிள், முன்னால் லட்சுமி, பின்னால் 'ஒலி எழுப்புக'. ஆற்றில் பின்னால் வந்து ஒலி எழுப்பப் போவது முதலையா என்று படகோட்டி சின்னான் கேட்கவில்லை. கேள்வி கேட்டதற்கு அவனுக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை.

"ஒசரம் கூடுனா லோடு கூடும்டா. பதினெட்டுப் பேரு ஏறுன எடத்துல முப்பத்தஞ்சு ஏத்தலாம்" என்றார் ஜெகதீஸ்வரன்.

படகை இறக்கினார்கள். ஒரு ஆள்கூட ஏறவில்லை. இதற்கு மேல் தண்ணீர் வரக்கூடாது என்று பக்கவாட்டில் போட்டிருந்த வெள்ளைக்கோடு, மூன்று விரற்கடை தண்ணீருக்குள் போய்விட்டது. கட்டிய பாடியின் கனம்!

சின்னான் குனிந்து கோட்டைக் கையால் தடவிப் பார்த்தான். அவன் பெண்டாட்டி பொன்னாயி இனி தினமும் அக்கரைத் தறிப்பட்டறைக்கு இதே படகில்தான் போகவேண்டும். நீச்சல் தெரியாதவள்.

"மொதலாளி, கோடு முங்கிப்போச்சுங்க."

"முங்குனா என்னடா? கோட்டை மேல ஏத்து."

ஏற்றினான். ஒரு முழம் மேலே, பளிச்சென்று.

லாரியைத் தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி.க்குக் காட்டும்போது நல்ல டயரை வாடகைக்கு எடுத்து மாட்டிவிட்டு, சாயங்காலம் கழற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. அதே முறையில் படகுச் சோதனைக்கு மிதவைச் சட்டை முப்பத்தைந்து வந்து இறங்கியது. ஒவ்வொன்றின் முதுகிலும் ஏதோ ஓட்டல் நீச்சல் குளத்தின் பெயர்.

படகைச் சோதிக்க வந்த அதிகாரி பிரீத்தி, சென்னைப் பெண். கையில் அளக்கும் டேப். ஜெகதீஸ்வரன் இளநீரை நீட்டினார்.

"ஒரு படகைப் பதியறதுக்கு இத்தனை பாடுங்களா மேடம்? எங்க லாரி நாலு, வரி கம்மின்னு நாகாலாந்துல பதிஞ்சதுங்க. அந்தச் சீமையை அதுக கண்ணுல பாத்ததே இல்லீங்க."

"கப்பல்லயும் உண்டு சார். கடலே இல்லாத நாட்டுல பதிஞ்சு, அந்தக் கொடியோட உலகம் சுத்துற கப்பல் இருக்கு."

தூரத்துச் சொந்தத்தைக் கண்டதுபோல ஜெகதீஸ்வரனின் முகம் மலர்ந்தது.

"அந்தக் காலத்துல இங்கிலாந்துல உளுத்த கப்பல்ல அளவில்லாம ஏத்தி அனுப்பிடுவாங்க" என்றாள் பிரீத்தி. "மூழ்கினா முதலாளிக்கு இன்சூரன்ஸ், மாலுமிக்குச் சாவு. கப்பல்களைத் தரம் பிரிச்சு ஏட்டுல எழுத ஆரம்பிச்சதே இன்சூரன்ஸ்காரங்களுக்காகத்தான். மாலுமிக்காக இல்ல. அப்புறம் பெரிய சண்டை நடந்து, கோடு போடணும்னு சட்டம் வந்துச்சு. எங்க போடணும்னு சொல்லாம விட்டுட்டாங்க. ஒரு ஆள் புகைபோக்கியில போட்டாராம்!"

"கெட்டிக்காரரு" என்றார் ஜெகதீஸ்வரன், மனசார.

பிரீத்தி குனிந்து கோட்டைப் பார்த்தாள். "அண்ணா, இது ஆரம்பத்துல இருந்தே இங்கதானா?"

செக்போஸ்ட்டில் வாயைத் திறக்காதே என்று டிரைவரைப் பார்க்கும் பார்வையில் முதலாளி சின்னானைப் பார்த்தார். கரையில், படகு இன்றைக்கே ஓடுமென்று வந்த கூட்டத்தில், பொன்னாயி சோற்றுத் தூக்குப்போசியோடு நின்றிருந்தாள்.

"இல்லீங்க அம்மணி. பழைய கோடு வெறும் பெயிண்ட் இல்லீங்க, வெல்டிங் வெச்சது. தண்ணிக்குள்ள கை உட்டுப் பாருங்க, தட்டுப்படும்" என்றான் சின்னான்.

அவள் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக் கைவிட்டாள். தட்டுப்பட்டது.

பாடியை அறுத்தெடுத்த பிறகுதான் சான்றிதழ் வந்தது. பயணிகள் பதினெட்டு. ஓட்டுநர், சின்னான். ஜெகதீஸ்வரன் அவனை அன்றைக்கே துரத்தியிருப்பார். சான்றிதழில் பேரை மாற்ற வேண்டுமானால் அந்தப் பெண் மறுபடி டேப்போடு வருவாளே என்று அடங்கிப் போனார்.

முதல் நடை. சின்னான் தலை எண்ணினான். பதினெட்டு. பத்தொன்பதாவதாகக் கால் வைத்தவள் பொன்னாயி.

"எறங்கு புள்ள. அடுத்த நடைக்கு வா."

"ஏனுங்க, ஏழு மணிக்குத் தறி ஓட்டோணும். கட்டுன பொண்டாட்டிக்கு எடமில்லீங்களா?"

படகே சிரித்தது. கரையிலிருந்து ஜெகதீஸ்வரனின் குரல்தான் பெரிதாக வந்தது. "ஏத்திக்கடா, ஒருத்திதான!"

சின்னான் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். கோட்டைத் தொடத் தண்ணீருக்கு ஒரு விரற்கடைதான் மிச்சம். பொன்னாயியைக் கரையிலேயே விட்டுவிட்டு மூங்கிலை ஊன்றித் தள்ளினான்.

"பொழுதோட சோறு கேட்டு வருவீங்கல்ல, அப்ப வெச்சுக்கறேன்!"

நடு ஆற்றிலும் அது தெளிவாகக் கேட்டது.