லாட் நம்பர் எழுபத்தேழு

இல்லையில்லை, சளி பிடித்தது பல் டாக்டருக்கு இல்லை. சளி பிடித்தது பஸ் டிரைவருக்கு. டாக்டர் சும்மா கூடவே தும்மினார். அந்த நேரம் பார்த்து அவர் இடுக்கியில் ஒரு அம்மாளின் கடைவாய்ப்பல் பாதி வெளியே வந்திருந்ததால், ஊரில் எல்லோரும் அவர் தும்மலை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அந்தத் திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு ஊரில் முப்பத்தொரு பேர் ஒரே நொடியில் தும்மினார்கள். தபால்காரரின் நாயையும் சேர்த்தால் முப்பத்திரண்டு. பதினொரு மணிக்கு மறுபடியும். புதன்கிழமைக்குள் உடற்பயிற்சி ஆசிரியர் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் போட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்: தும்மிய அத்தனை பேரும் ஒரே கடையில் வாங்கிய பாசிப்பச்சை உல்லன் நூலில் பின்னியது எதையாவது போட்டிருந்தார்கள், லாட் நம்பர் எழுபத்தேழு. அதைப் போட்டிருக்கும் ஒருவர் உடம்பில் நடப்பது மற்றவர்கள் உடம்பிலும் நடந்தது. எந்த இடத்தை மூடுகிறதோ அந்த அளவுக்கு. சாக்ஸ் மட்டும் போட்டிருந்த உடற்பயிற்சி ஆசிரியருக்குத் தும்மலே வரவில்லை, பத்து கால்விரலும் ஒரு தடவை சுருண்டு விரிந்தன. ஊசியில் பாதி பின்னியபடி நின்றதற்கு எந்தச் சக்தியும் இல்லை; கடைசிக் கண்ணியை முடித்து இறக்கினால்தான் வேலை செய்யும். இதற்காக யாரும் எதையும் கழற்றி எறிந்துவிடவில்லை. அந்த ஊர்க் குளிர் அப்படி.

நூல் வாங்கிப் பழக்கமில்லாதவர்களுக்கு லாட் நம்பர் என்றால் புரியாது. ஒரு கொப்பரைச் சாயத்தில் ஒன்றாக வெந்த நூலெல்லாம் ஒரு லாட். அடுத்த கொப்பரையில் அதே பொடியை அதே அளவில் போட்டாலும் நிறம் ஒரு மயிரிழை மாறிவிடும். உருண்டையில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையில் அந்த நம்பர் இருக்கும். ஊரில் ஒரே ஒரு நூல் கடை. அது முன்பு போட்டோ ஸ்டுடியோ. சுவரில் வரைந்திருந்த அருவியைக் கடைக்காரர் அழிக்காமல் அதன் முன்னாலேயே உருண்டைகளை அடுக்கியதால், நீல நூலெல்லாம் தண்ணீரோடு கலந்து யார் கண்ணிலும் படாமல் வருஷக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. உருண்டையை யாராவது விரலால் தடவிப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். "கைக்கு என்னங்க தெரியும்? கழுத்துல வச்சுப் பாருங்க, குத்துதா இல்லையான்னு கழுத்துதான் சொல்லும்" என்பார். அதோடு விடமாட்டார், டியூப் லைட் பொய் சொல்லும் என்று வெயிலில் நிறம் பார்க்க நடுரோட்டுக்கு அனுப்புவார். நூல் உருண்டையைக் கழுத்தில் வைத்துக் கண்ணை மூடி நிற்கும் ஆட்களைச் சுற்றிக்கொண்டு போக அந்தத் தெரு சைக்கிள்கள் பழகியிருந்தன. அவர் இருபது பாசிப்பச்சை கேட்டதற்கு ஆலை ஒரு சாக்கு நிறைய அனுப்பியது. அந்தக் குளிர்காலத்தில் ஊரே பாசி பிடித்தது.

பஸ் நிலைய முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து, இரண்டு டிக்கெட்டுக்கு நடுவே நான்கு வரிசை பின்னிவிடுகிற பெண்ணுக்கு ஊர் வைத்த பெயர் முக்கால்கை. காரணம், புத்தகத்தில் எட்டு உருண்டை என்று போட்டிருந்தால் அவள் ஏழுதான் வாங்குவாள். கஞ்சத்தனம் இல்லை, நம்பிக்கை. இந்த முறை போதும் என்று ஒவ்வொரு முறையும் அவளுக்கு உண்மையாகவே தோன்றும்.

"எட்டு எடுத்துக்கம்மா."

"ஏழு போதும்ண்ணே."

"போன தடவையும் இதேதான் சொன்ன."

"அப்போ லூசா பின்னினேன். இப்போ என் கையே வேற."

முழங்கையைத் தாண்டியதும் நூல் தீரும், ஓடி வருவாள், அதற்குள் லாட் முடிந்திருக்கும். அவள் வீட்டில் இருந்த ஒன்பது ஸ்வெட்டருக்கும் கை முக்கால்தான். அவள் அப்பா வருஷம் முழுக்கக் கையை மடித்துவிட்டுக்கொள்வது ஸ்டைலுக்காக என்று அவர் அலுவலகத்தில் நம்பினார்கள்.

அவளுக்கு ஒரு அக்கா. லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்கள் நிறைந்த தூர தேசத்தில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை பஸ்ஸில் விமான நிலையத்துக்குக் கிளம்ப இருந்தாள். அக்காவிடம் ஒரே ஒரு கெட்ட குணம்: எது நடந்தாலும் சொல்லமாட்டாள். பெருநகரத்தில் வேலை பார்த்தபோது லிஃப்ட் குழியில் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டாள். நான்கு மாதம் தினமும் போனில் "சாப்டேன், நீ சாப்டியா" என்று மட்டும் பேசினாள். அவளுடைய புது அடையாள அட்டை தவறிப்போய் இந்த ஊர் விலாசத்துக்குத் தபாலில் வந்து, அதிலிருந்த போட்டோவில் கை கட்டுப்போட்டுத் தொங்கியதைப் பார்த்துத்தான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து முக்கால்கை அக்காவின் "சாப்டேன்" என்ற சொல்லை நம்புவதே இல்லை. இப்போது கடல் தாண்டிப் போகிறாள். அங்கே விழுந்தால் அடையாள அட்டை கூட வராது. எனவே அக்காவுக்கு லாட் எழுபத்தேழில் ஒரு முழு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். முக்கால்கையிடம் ஏற்கெனவே அதே லாட்டில் ஒன்று இருந்தது, முக்கால் கையோடு.

அக்காவுக்குத் திட்டம் புரிய ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. "அப்போ நான் அழுதா தபால்காரர் நாயும் அழணுமாக்கும்? போடி இவளே."

"நீ அழ மாட்டல்ல? அப்புறம் என்ன பயம்?"

அக்கா யோசித்தாள். தங்கையின் கையிருப்பைப் பார்த்தாள். பிறகு மிகுந்த தாராளத்தோடு சொன்னாள்: "சரி. ரெண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் இருந்தா போட்டுக்கறேன். ஒரு விரல்கடை குறைஞ்சாலும் மாட்டேன்." உலகத்தில் இதைவிடப் பாதுகாப்பான வாக்குறுதியை யாரும் கொடுத்ததில்லை. முக்கால்கை வாங்கியிருந்தது ஏழு உருண்டை.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை மத்தியானம் இடது கையில் முழங்கைக்குக் கீழே நூல் தீர்ந்தது. கடையில் எழுபத்தேழு ஒரு முழம் கூட இல்லை. கடைக்காரர் எழுபத்தெட்டைக் காட்டினார், அவளே கழுத்தில் வைத்துக்கொண்டு நடுரோட்டுக்குப் போய்ப் பார்த்தாள். வித்தியாசம் தெரியத்தான் செய்தது, ஆனால் அக்கா நிறம் பார்க்கிற ஆள் இல்லை. நான்கு விரல்கடை பின்னி முடித்துக் கையை மாட்டிக்கொண்டு, டாக்டர் கிளினிக்குக்குப் போய் அவர் கையை மேலும் கீழுமாகக் கிள்ளினாள். அவளுக்கு முழங்கைக்கு மேலே வலித்தது. கீழே ஒன்றுமில்லை. டாக்டருக்கு எல்லா இடத்திலும் வலித்தது. அக்கா ஸ்பானர் பிடிக்கிற கை இடது கை. அதையே மரத்துப்போகவிட்டால் மீதி ஸ்வெட்டர் எதற்கு? பின்னியதைப் பிரித்தாள்.

அதன் பிறகு அந்த ஊரில் இதுவரை யாரும் செய்யாததைச் செய்தாள். கத்தரிக்கோலும் கையுமாக, பாசிப்பச்சை போட்டிருந்த அத்தனை பேர் வீட்டுக்கும் போனாள். ஆளுக்கு ரெண்டு வரிசை பிரித்துத் தாருங்கள் என்று கேட்டாள். டாக்டர் தன் உள்ளங்கியின் கீழ்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு வரிசை போனா தொப்பை வெளிய வந்துருமேம்மா" என்றார். "அது எப்பவோ வந்துடுச்சு டாக்டர்" என்று அவர் மனைவியே உள்ளிருந்து குரல் கொடுத்ததால் விஷயம் முடிந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் ஒரு கால் பெருவிரலை ஆராய்ச்சிக்காகக் கொடுத்தார், அதாவது சாக்ஸின் பெருவிரலை. தபால்காரர் சம்மதித்தார், நாய் சம்மதிக்கவில்லை. நாயின் சட்டையிலிருந்து கிடைத்தது மூன்று சாண், அதற்கு அவள் மணிக்கட்டில் இரண்டு பல் தடம். அன்று மாலை முழுக்கைப் பாசிப்பச்சை போட்ட எல்லோர் மணிக்கட்டிலும் அந்தத் தடம் இருந்தது, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பஸ் டிரைவர் மட்டும் மப்ளரைத் தொடவிடவில்லை. "கழுத்து விஷயம். தரமாட்டேன். வேணும்னா சனிக்கிழமை பஸ்ஸ கொஞ்சம் நிறுத்தி வைக்கறேன்" என்றார்.

சனிக்கிழமை அதுதான் தேவைப்பட்டது. ஊரார் கொடுத்த துண்டு நூல்களை முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு அவள் பின்னிக்கொண்டே பஸ் நிலையத்துக்கு வந்தபோது, அக்கா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையை வெளியே நீட்டினாள், ஊசிகள் கைவிளிம்பில் தொங்கின. முக்கால்கை கீழே நின்றபடி அக்கா மணிக்கட்டைச் சுற்றிப் பின்னினாள். பயணிகள் கத்தினார்கள். ஒரு ஆள் இறங்கி வந்து எத்தனை கண்ணி பாக்கி என்று எண்ணிச் சொல்லிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். கடைசி வரிசையில், பதினொரு கண்ணி மிச்சம் இருக்கும்போது, நூல் தீர்ந்தது.

அக்கா சிரித்த சிரிப்பில் பஸ்ஸே குலுங்கியது. "உன்ன மாத்தவே முடியாதுடி!"

டிரைவர் ஹாரனில் தலையை முட்டிக்கொண்டார். பிறகு இறங்கி வந்து, தொழிலையும் அது கொண்டுவந்து சேர்க்கும் ஆட்களையும் வாயாரத் திட்டியபடி, மப்ளர் குஞ்சத்தைத் தானே கடித்து அறுத்துக் கொடுத்தார். அவள் முடிச்சுப் போட்டு, பதினொரு கண்ணியையும் முடித்து, ஊசியை உருவினாள். அந்த நொடியில் கிளினிக்கில் டாக்டர் இடுக்கியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தபால்காரர் ஒரு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரைவருக்குத் தொண்டை அடைத்துப் போய், போகலாமா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. அக்கா மட்டும் முகத்தில் அதே சிரிப்போடு, "சரி சரி, போய் வேலையப் பாரு" என்றாள். கீழே நின்றவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. அதில் பாதி தன்னுடையது இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அக்கா போய் மூன்று வருஷம் ஆகிறது. அங்கே அக்கா மீது முதல் பனி விழுந்த அன்று இங்கே ஊரே நடுங்கியது, அதுவும் உச்சி வெயிலில். அவள் புதிதாக வாங்கிய ஷூ கடித்து உடற்பயிற்சி ஆசிரியர் ஒரு வாரம் நொண்டினார். இரண்டாம் வருஷம் ஒன்பது நாள் எல்லோர் நெஞ்சிலும் ஈரத் துணி வைத்தது மாதிரி கனத்துக் கிடந்தது. தங்கை போன் செய்தால் பதில், "சாப்டேன்." பத்தாம் நாள் கடைக்காரர் பாசிப்பச்சைக்காரர்கள் எல்லோரையும் அருவிக்கு முன்னால் கூட்டினார். உடற்பயிற்சி ஆசிரியர் விசில் ஊத, முப்பத்தொரு பேரும் நாயும் மூச்சு முட்டும்வரை குதித்தார்கள், பிறகு டாக்டர் குதிப்பதைப் பார்த்து விலா நோகச் சிரித்தார்கள். கால் மணி நேரத்தில் தங்கைக்குப் போன் வந்தது. "யாருடி அங்க கூத்தடிக்கறது? லிஃப்டுக்குள்ள ஆளுங்க முன்னாடி லூசு மாதிரி சிரிச்சுக்கிட்டு இருக்கேன்!"  பிறகு வேலை போனதையும், வாடகை அறையைக் காலி பண்ணச் சொன்னதையும், வேறு வேலை தேடுவதையும் முதல் தடவையாகத் தானாகவே சொன்னாள். இப்போதெல்லாம் சொல்கிறாள், கொஞ்சம் குறைத்து. ஊரும் பழகிவிட்டது. டாக்டர் அக்கா தூங்கும் நேரம் பார்த்துத்தான் கஷ்டமான பல்லையெல்லாம் பிடுங்குகிறார்.

சரி, இதைச் சொல்ல வந்ததே போன செவ்வாய்க்கிழமைக்காகத்தான். மத்தியானம் மூன்றே காலுக்கு முப்பத்தொரு பேருக்கும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வலி இல்லை, பயமும் இல்லை. உள்ளங்கை வேர்த்தது. டிரைவருக்குக் காது வரை சிவந்து, பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் மனைவிக்கு அவரைப் பார்த்துச் சந்தேகமே வந்துவிட்டது. பதினொரு நிமிஷம். பிறகு ஒரு பெரிய மூச்சு, அவ்வளவுதான், எல்லாம் அமைதி. யாரோ அக்காவிடம் ஏதோ கேட்டிருக்கிறார்கள், அவளும் ஏதோ பதில் சொல்லியிருக்கிறாள், அதுவரைக்கும் ஊருக்குச் சந்தேகமில்லை. அன்றிலிருந்து அவள் போனை எடுக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் நன்றாகப் பசிக்கிறது. கடைக்காரர் "சரி"ன்னு சொல்லியிருப்பா என்கிறார், டிரைவர் "யோசிக்கணும்"னு சொல்லியிருப்பா என்கிறார், தங்கை இரண்டு பேரையும் முறைக்கிறாள். நீங்களே சொல்லுங்கள், அந்தப் பெரிய மூச்சு எந்தப் பதிலுக்குப் பிறகு வருகிற மூச்சு?