தங்கக் கோடு போட்ட லைசென்ஸ்

…வண்டியைக் கப்பலில் ஏற்றுவது ஒன்றும் பெரிய காரியமில்லை, ஏற்றும்போது நகாசோனோ முன்னால் நின்றுகொண்டு, கன்றுக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி இரண்டு கையாலும் வா வா என்று கூப்பிட்டான், வண்டியும் அடிமேல் அடி வைத்து உள்ளே வந்து நின்றுவிட்டது, சக்கரத்துக்குக் கட்டையும் வைத்தாகிவிட்டது, இறக்குவதுதான்… இன்னும் நாற்பது நிமிடத்தில் ககோஷிமாக் கரையில் அந்த இரும்புப் பலகை இறங்கும், இறங்கியதும் பின்னால் நிற்கிற இருபது வண்டிகளும் உறும ஆரம்பிக்கும், முதல் வரிசையில் முதல் வண்டி சிகுசாவுடையது, அவள் நகர்ந்தால்தான் மற்றவர்கள் நகர முடியும், அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு கப்பலையே பின்னால் கட்டி இழுக்க வேண்டியிருக்கும் என்று யார் கண்டது. "முதல் வரிசை வேணாம்ப்பா, ஓரமா எங்கயாவது நிறுத்திக்கிறேன்" என்று தாருமிசுத் துறையில் கெஞ்சிப் பார்த்தாள், அவன் கேட்டால்தானே, ஐம்பது தாண்டிய கப்பல்காரன், அவனுக்கு எல்லாம் விளையாட்டு. "அக்கா, கெய்ஸோ அண்ணனுக்கு முப்பது வருஷமா முதல் வரிசைதான், இன்னைக்கு மாத்துனா கப்பல் ஒரு பக்கமா சாஞ்சிரும்." பக்கத்து இருக்கையில் இருந்த அவள் கணவர் கெய்ஸோ அதற்கு ஒரு கனைப்புக் கனைத்தார், பெருமையா கோபமா என்று கண்டுபிடிக்க முடியாத கனைப்பு, கலியாணமான நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருக்கிற கனைப்பு.

வண்டியின் பின்பக்கத்தில் இரண்டு ஒட்டுப்படம், வயசானவர் ஓட்டுகிறார் என்று சொல்கிற நாலு நிற இலை ஒன்று, அது கெய்ஸோவுடையது, கழற்ற மனசு வரவில்லை, அதற்குப் பக்கத்திலேயே இப்போதுதான் கற்றுக்கொண்டவர் என்று சொல்கிற பச்சை மஞ்சள் இலை, அது இவள் போன வாரம் கடையில் வாங்கி ஒட்டியது, பின்னால் வருகிறவன் என்னவென்று நினைப்பான், கிழமா குழந்தையா, நினைத்துக்கொள்ளட்டும், தள்ளி வந்தால் சரி… சட்டப்படி அவளுக்கு அந்தப் பச்சை இலை தேவையே இல்லை, லைசென்ஸ் எடுத்து முப்பத்தொன்பது வருஷம் ஆகிறது, அதுவும் சாதாரண லைசென்ஸா, தங்கக் கோடு போட்டது, ஒரு தப்பும் செய்யாத உத்தமர்களுக்கு அரசாங்கம் கொடுப்பது, ஒரே ஒரு நாள் ஓட்டிவிட்டு அப்புறம் தொடாதவள் எங்கே போய்த் தப்புச் செய்வாள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப் போவாள், அங்கே ஓர் அதிகாரி எழுந்து நின்று, இவ்வளவு காலம் பத்திரமாக ஓட்டியதற்கு உங்கள் எல்லோருக்கும் நன்றி என்று குனிந்து வணங்குவார், சிகுசாவும் வெட்கத்தோடு குனிந்து திருப்பி வணங்குவாள், திரும்பி வர பஸ்ஸுக்கு நிற்பாள். முப்பது வருஷம் மீன் லாரி ஓட்டிய கெய்ஸோவுக்குத் தங்கக் கோடு ஒரு தடவைகூட வரவில்லை, வேகத்துக்கு ஒன்று, கண்ட இடத்தில் நிறுத்தியதற்கு ஒன்று என்று ஏதாவது மாட்டிக்கொள்வார், "ஓட்டுறவனுக்கு நீலக் கோடு, வீட்ல உக்காந்திருக்கறவளுக்குத் தங்கமா, நல்லா இருக்குய்யா நியாயம்!"

அந்த மனுஷன் போன அக்டோபரில், காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போட்டார். வேறு ஊரில் அது ஒரு விஷயமே இல்லை, இங்கே சகுராஜிமா எரிமலை இரவெல்லாம் துப்புகிற சாம்பல் கண்ணாடியில் அரைத்த மணல் மாதிரி உட்கார்ந்திருக்கும், தண்ணீரை ஊற்றிக் கழுவாமல் வைப்பரைத் தொட்டால் கண்ணாடி முழுக்கக் கீறல் விழும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருக்கிறார், அவரே கர் கர் என்று போட்டுவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சிகுசா தண்ணீர்ப் பாட்டிலோடு பக்கத்தில் நின்றாள்… அப்புறம் நடந்த மறதிச் சோதனை, டாக்டர் மூளையைப் படம் எடுத்துக் காட்டியது, கெய்ஸோ தானே போய் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தது எல்லாம் பின்னால் வந்த சடங்குகள், அவளுக்கு அந்தக் கர் கர் சத்தத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. ஒசாகாவிலிருந்து மகன் ஷோஹேய் போன் மேல் போன், "அம்மா, வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துருங்க, மாசாமாசம் ஆஸ்பத்திரி, உங்க ஊர்ல பஸ்ஸு ஒரு நாளைக்கு ரெண்டு, எத்தனை நாளைக்கு அக்கம்பக்கத்துல கெஞ்சிக்கிட்டு இருப்பீங்க?" நான் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டாள், வாய் எப்படித் திறந்தது என்றே தெரியவில்லை. அந்தப் பக்கம் முதலில் சிரிப்பு, பிறகு சிரித்ததற்கு மன்னிப்பு, கடைசியில் ஒரு பேச்சு முடிந்தது, அப்பாவை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்த் திரும்பிக் காட்டட்டும், அப்புறம் அவன் ஒசாகா என்கிற பேச்சையே எடுப்பதில்லை. ஓட்டுநர் பள்ளியில் பத்து வகுப்பு, சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இவள் வயதில் மூன்றில் ஒரு பங்கு, "மூச்சு விடுங்கம்மா, மூச்சு விட்டாலும் வண்டி ஓடும்"… ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேலேயிருந்து உதோன் வாசனை வந்துவிட்டது, கப்பல் கட்டவிழ்க்கும் முன்பே கெய்ஸோ படியேறிவிட்டார், அந்தப் படி மட்டும் அவருக்கு மறக்காது, லாரி ஓட்டுகிற காலத்தில் நிறுத்தின கையோடு ஓடி வந்து முதல் கிண்ணம் வாங்குவாராம், சூடான குழம்பில் கொழுத்த கோதுமை நூடுல்ஸ், மேலே பொரித்த மீன் பில்லை ஒன்று, நாற்பது நிமிடப் பயணத்தில் பத்து நிமிடம் சாப்பாடு, முப்பது நிமிடம் தூக்கம் என்று கணக்கு. ஜன்னலோரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள், பிப்ரவரி வெயில் தண்ணீரில் தகடு தகடாகக் கிடந்தது, வலப்புறம் மலை, பஞ்சு மிட்டாய் விற்கிறவன் மாதிரி சாவகாசமாகப் புகையைச் சுற்றிக்கொண்டு. நகாசோனோ தேநீர் வாங்க வந்தவன் சும்மா போவானா. "என்னண்ணே, டிரைவர் வெச்சுக்கிட்டீங்களாமே?" "ஆமாடா, சம்பளம் கேக்காத டிரைவர்." "எப்படி ஓட்டுறாங்க?" "துறை வரைக்கும் வந்ததுல ரெண்டு நத்தை எங்களைத் தாண்டிப் போச்சு." "அண்ணே, நத்தை வேகத்துல வந்தா கட்டை வைக்கறவன் விரலு தப்பிக்கும், உங்க காலத்துல என் கால்மேல ஏறிருவீங்களோன்னு சாமி கும்பிட்டுக்கிட்டு நிப்பேன், அக்கா வந்தாங்களா, நிம்மதியா மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டே நின்னேன்!" கெய்ஸோ வாய் நிறைய நூடுல்ஸோடு சிரித்தார், குழம்பு மோவாயில் வழிந்தது, சிகுசா கைக்குட்டையை எடுத்தாள், பிறகு கொடுக்காமல் மேசைமேல் வைத்தாள், அவரே எடுத்துத் துடைத்துக்கொண்டார், நல்லது, இன்று நல்ல நாள், நல்ல நாளில் கேட்டுவிட வேண்டும் என்று ஏன் தோன்றியது, முப்பத்தொன்பது வருஷம் கேட்காததை.

லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள், இதே தாருமிசுத் துறை, அவர்களுடைய அந்தப் பழைய வெள்ளைக் கார், கப்பலுக்கு ஏறுகிற பலகையின் பாதியில் வண்டி உலுக்கிக்கொண்டு நின்றுவிட்டது, மறுபடி கிளப்பினாள், மறுபடி நின்றது, பின்னால் ஹார்ன், ஒன்று, ஐந்து, பத்து, கரையில் நின்றவர்கள் எல்லோரும் இவளையே பார்க்கிற மாதிரி, மூன்றாம் தடவையும் நின்றதும் பக்கத்திலிருந்து கெய்ஸோ ஒரே ஒரு வார்த்தை சொன்னார், "இறங்கு." இறங்கினாள். அவர் இடம் மாறி உட்கார்ந்து ஒரே உறுமலில் ஏற்றிவிட்டார், இவள் வண்டிக்குப் பின்னால் கைப்பையை அணைத்துக்கொண்டு பலகைமேல் நடந்து ஏறினாள், சவத்துக்குப் பின்னால் நடக்கிற மாதிரி. அதற்குப் பிறகு அவர் ஓட்டாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை, இவளும் ஓட்டட்டுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை, எத்தனை விதமாக அந்த 'இறங்கு' என்கிற வார்த்தையை மனசுக்குள் உருட்டியிருப்பாள், பாத்திரம் கழுவும்போது, சாம்பல் கூட்டும்போது… "ஏங்க, எனக்கு லைசென்ஸ் வந்த புதுசுல, இந்தப் பலகையில வண்டி நின்னுபோச்சே, ஞாபகம் இருக்கா? இறங்குன்னீங்க." கெய்ஸோ கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எந்த வண்டி?" "வெள்ளை வண்டி." "அதுவா, அதுக்குக் கிளட்ச் தேஞ்சு போயிருந்துச்சே, மேட்டுல யாரு ஓட்டுனாலும் நின்னுருக்கும், நான் லாரி ஏத்துற மாதிரி முறுக்கி ஏத்துனேன்." அவ்வளவுதான். குழம்பைக் குடித்தார். "கிளட்ச் போனது உங்களுக்கு அப்பவே தெரியுமா, அப்புறமா தெரிஞ்சுதா?" "எது?" "கிளட்ச்சு." "யாரு கிளட்ச்சு?" போய்விட்டது. கதவு ஒரு நொடி திறந்தது, மூடிக்கொண்டது, இனி தட்டிப் பயனில்லை, இன்று காலை மாத்திரை போட்டாரா என்று கேட்டால் தெரியாத மனுஷன், முப்பத்தொன்பது வருஷத்துக் கிளட்ச்சைச் சொல்கிறார்.

சிகுசா எழுந்து வெளித்தளத்துக்கு வந்தாள், காற்று முகத்தில் அறைந்தது, அறையட்டும், உள்ளே ஏதோ கொதிக்கிறது, கோபமா… கோபம்தான், கிளட்ச்! கிளட்ச்சாமே! அப்போதே தெரிந்திருந்தால் அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒரு வார்த்தை, உன்மேல் தப்பில்லை வண்டிமேல்தான் தப்பு என்று ஒரு வார்த்தை, சொல்லியிருந்தால் என்னவெல்லாம்… மகனைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டிருப்பாள், அம்மாவின் கடைசி நாளில் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் போய்ச் சேர்ந்திருப்பாள், தனக்கு வராது, தன் கைக்கும் காலுக்கும் ஒத்துவராது என்று எவ்வளவு உறுதியாக நம்பினாள், ஒரு கிளட்ச்சை நம்பியிருக்கிறாள். நிஜமாகவே கிளட்ச்தானா, அல்லது அவர் மூளை ஓட்டைக்கு ஒட்டுப் போட்டு இப்போது புதிதாகச் செய்த கதையா, யாரைக் கேட்பது, அந்த வண்டி இரும்புக்குப் போய் எத்தனையோ காலம், பார்த்த இன்னொருவர் இவள்தான், இவளுக்குக் கிளட்ச்சைப் பற்றி என்ன தெரியும்… அப்படியானால் எதை நம்புவது என்பது இவள் கையில்தான் இருக்கிறதா, வேறு யார் கையிலும் இல்லையா, இது என்ன கூத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்தில் நின்ற பள்ளிச் சீருடைப் பெண் இரண்டடி தள்ளிப் போனாள். கண்ணீரும் வந்தது, காற்றுக்கு வந்ததா என்று தெரியவில்லை. கிளட்ச் என்றே வைத்துக்கொள்வோம். அவர் முறுக்கி ஏற்றினார், லாரி ஏற்றுகிறவருக்கு வந்தது, முந்தைய நாள் லைசென்ஸ் வாங்கியவளுக்கு வரவில்லை, அவ்வளவுதானே விஷயம்? இவ்வளவு சின்னதா அது? ககோஷிமாக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக உயர்ந்து பக்கத்தில் வந்தன.

வண்டி வைத்திருப்பவர்கள் கீழே வரவும் என்று ஒலிபெருக்கி சொன்னது, சிகுசா உள்ளே ஓடினாள், மேசையில் காலிக் கிண்ணம் இரண்டும் கைக்குட்டையும்தான் இருந்தன. கீழே இறங்கி வந்து பார்த்தால் கெய்ஸோ ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார், பெல்ட் போட்டாகிவிட்டது, இரண்டு கையும் ஸ்டியரிங்மேல், பலகை எப்போது இறங்கும் என்று முன்னால் பார்த்துக்கொண்டு, முகத்தில் முப்பது வருஷத்து அமைதி. சாவி சிகுசாவின் பையில் இருந்தது, கதவைத்தான் பூட்டாமல் போயிருந்தாள், பின்னால் ஒவ்வொன்றாக எஞ்சின்கள் கிளம்பின, பலகை முனகிக்கொண்டு இறங்க ஆரம்பித்தது, முன்னால் வெயில் ஒரு கோடாக விழுந்து அகலமாகிக்கொண்டே வந்தது. நகாசோனோ கட்டையை எடுக்கக் குனிந்தவன் பார்த்துவிட்டான், நிமிர்ந்தான், அவன் வாயிலும் இப்போது விளையாட்டு இல்லை. ஒரு வார்த்தை போதும், அந்த வார்த்தை நாக்கின் நுனிவரைக்கும் வந்து நின்றது, முப்பத்தொன்பது வருஷமாக உருட்டி உருட்டி வழவழவென்று ஆகியிருந்த வார்த்தை, சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும், சொல்லிவிடேன்… கதவைத் திறந்தாள். "ஏங்க, இந்த ஊர் ரோடு எனக்குக் கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருக்கு. பக்கத்துல உக்காந்து வழி சொல்றீங்களா?" கெய்ஸோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தனை வருஷமா வந்துக்கிட்டு இருக்க, வழி தெரியாதா?" "தெரியலையே." "நீ ஒரு…" என்று ஆரம்பித்து, பெல்ட்டைக் கழற்றி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, பானெட்டைத் தடவியபடி அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனார். ஆஸ்பத்திரிக்கு வழி அவளுக்கு மனப்பாடம், சிக்னல் எத்தனை என்பதுகூட. உட்கார்ந்தாள், இருக்கை சூடாக இருந்தது. நகாசோனோ கட்டையை உருவினான், இரண்டு கையையும் தூக்கினான், கன்றுக்குட்டியை இல்லை, இந்தத் தடவை பெரிய லாரியைக் கூப்பிடுகிற மாதிரி, நிமிர்ந்து, வாங்கக்கா, வாங்க வாங்க.

பலகை தடதடவென்றது, முன்சக்கரம், பின்சக்கரம், அவ்வளவுதான், கரை. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை, அடித்திருந்தாலும் காதில் விழுந்திருக்காது, துறை வாசல், இடது பக்கம், மூச்சு, பெரிய சாலை, முன்னால் ஒரு பஸ், பஸ்ஸுக்குப் பின்னாலேயே போ, போதும், முதல் சிக்னல் சிவப்பு. நின்றாள். "இங்க நேராத்தானே?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டாள். திரும்பிப் பார்த்தாள், கெய்ஸோ தூங்கிக்கொண்டிருந்தார். பொய்த் தூக்கம் இல்லை, வாய் லேசாகத் திறந்து, பெல்ட்டில் கன்னம் நசுங்கி, சீரான மூச்சு… கப்பலில் தூங்குவார், அது வேறு, ரோட்டில் இன்னொருவர் ஓட்டுகிற வண்டியில் இந்த மனுஷன் கண்ணை மூடிப் பார்த்ததில்லை, மகன் ஓட்டினாலும் சரி, டாக்சியானாலும் சரி, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார், தம்பியின் சவ ஊர்வலத்தில்கூட முன்னால் போகிற வண்டி ரொம்ப ஒட்டிப் போகிறது என்று முணுமுணுத்தார். இப்போது அந்த வலது கால் தளர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நம்பிவிட்டாரா… அல்லது இதுவும் அந்த வியாதிதானா, பயப்பட வேண்டும் என்பதையே மறந்துவிட்டாரா, இல்லை வெறும் உதோன் மயக்கமா, டாக்டரிடம் கேட்கலாம், கேட்டால் அவர் இதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வார், கேட்க வேண்டாம். அடுத்த சிக்னலில் நிற்கும்போது அந்தத் தலை முன்னால் சாய்ந்துவிடாமல் மெல்ல மிதிக்க வேண்டும், மெல்ல, இன்னும் மெல்ல என்று காலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, அந்த ஒரு கவலையைத் தவிர வேறு எதுவும் மனசில் இல்லை என்பது அப்போதுதான் தட்டுப்பட்டது, அவ்வளவு பயம் இருந்ததே, எங்கே போயிற்று, எந்த இடத்தில்… பச்சை விழுந்தது.