களத்தில் காய்ந்த பச்சைத் தூள்

வியாழக்கிழமை கூரியரில் மூன்று சிறிய பாக்கெட்டுகள் வந்தன. மூன்றும் மட்சா. தேயிலைச் செடியை நிழலில் வளர்த்து, இலையை மாவாக அரைத்த ஜப்பான் நாட்டுத் தூள். ஏரிச் சாலையில் லூர்துசெல்வி அக்கா நடத்தும் காப்பிக் கடையில் நான் சித்திரையிலிருந்து வேலை செய்கிறேன். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள், சுற்றிலும் காப்பித் தோட்டம் இருக்க, மட்சா இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

ஒரு பாக்கெட்டில் 'செரிமோனியல்' என்று தங்க எழுத்து. அதுதான் உயர்ந்த ரகமாம். இரண்டாவதில் 'லாட்டே', நடு ரகம். மூன்றாவது சமையலுக்கு. மூன்றும் சாம்பிள்தான். இன்னொன்று கேட்டால் வர ஒரு வாரமாகும்.

சனிக்கிழமை ராஜேஸ்வரி மேடம் குடித்துப் பார்க்க வருவதாக இருந்தது. மலையில் ஒரு பெரிய ரிசார்ட்டின் சமையலறை அவர் பொறுப்பு. அவருக்குப் பிடித்தால் ரிசார்ட்டுக்குத் தினமும் எங்கள் கடைதான் மட்சா போட்டுத் தரும்.

"அந்த ஆர்டர் கெடச்சா மழைக்கும் உன்னைய வெச்சுக்குவேன் கலாவதி. இல்லீன்னா சீசன் முடிஞ்சதும் எனக்கே வேல இருக்காது" என்றார் அக்கா. மூன்று பாக்கெட்டுகளையும் என் பையில் போட்டார். "நீதான் கெமிஸ்ட்ரி படிச்சவ. எது நல்லதுன்னு பாத்துட்டு வா."

இந்த வேலை இல்லையென்றால் திருப்பூர். அங்கே ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்தில் சித்தப்பா எனக்கு இடம் சொல்லி வைத்திருந்தார். நாகலூரில் எஸ்டேட் லைன் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா திருப்பூரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துவைத்த போர்வைகளையெல்லாம் என் பெட்டியின் மேல் அடுக்கி வைத்திருந்தாள். பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் அத்தனையையும் இறக்க வேண்டும்.

அன்று மாலை தங்க எழுத்துப் பாக்கெட்டைப் பிரித்தேன். மழைக்குப் பிறகு பாறையில் படரும் பாசியின் பச்சை. வெறும் தண்ணீரில் கலந்து குடித்தேன், இனித்தது. பால் ஊற்றினேன், பால் மட்டும்தான் தெரிந்தது. இருந்தாலும் உயர்ந்த ரகம். சனிக்கிழமை இதையே கொடுக்கலாம் என்று மடித்து வைத்தேன்.

தூள் சிறு சிறு கட்டிகளாக இருந்தது. அவ்வளவு நைசான தூள் தானாகவே ஒட்டிக்கொள்ளும். சலித்தால் சரியாகிவிடும். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பொதுவாகவே நான் சொல்வது குறைவு.

வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சாமி, உன்ர தூளு ஈரம் ஏறிப்போயி கட்டி கட்டியா இருந்துச்சு. நல்லவேள, நாம் பாத்தேன்."

"பாத்து?"

"களத்துல காய வெச்சுட்டேன்."

அம்மா இருபத்திரண்டு வருடமாக எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காய வைக்கிறவள். கொட்டையைக் கடித்துப் பார்த்து அவள் சரி என்ற பிறகுதான் கணக்கு எழுதும் ரைட்டர் மூட்டை கட்டச் சொல்வார். இப்போது காப்பி எடுத்து முடிந்து களம் காலி. அரை நாள் லீவு போட்டு, தாம்பாளத்தில் தூளைப் பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் மெல்லிய வெள்ளைத் துணி மூடி, அடிக்கடி கிளறிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

"சலிச்சும் வெச்சுட்டேன். ஒரு கட்டி இருக்குதா பாரு."

ஒரு கட்டிகூட இல்லை. தூள் காக்கி நிறத்தில் இருந்தது. வைக்கோல் வாசனை அடித்தது. பச்சையம் வெயிலைத் தாங்காது.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "கெட்டுப்போச்சா கண்ணு?"

"இல்லம்மா" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "ஆமா" என்றேன்.

"நீ திருப்பூருக்குப் போயிரக் கூடாதுன்னுதான் சாமி அத்தன பதனமாக் காய வெச்சேன்."

அவள் அந்த ஊரின் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வரவில்லை. அடுப்பைப் பற்ற வைத்தேன்.

பிரிக்காத பாக்கெட்டுகளில் மீதி இரண்டு ரகம் இருந்தது. இரண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் விரலால் இழுத்தேன். லாட்டே மை போல வழவழப்பாக நீண்டது. சமையல் ரகம் பாதியிலேயே திப்பியாக நின்றுவிட்டது. அதன் பச்சையில் மஞ்சள் கலந்திருந்தது. கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆற விட்டு ஊற்றி, மோர் மத்தால் கடைந்தேன். தண்ணீரில் இரண்டுமே சுமார்தான். பால் சேர்த்ததும் லாட்டே வேறு மாதிரி ஆனது. கசப்பு அடங்கிவிட்டது, இலை வாசனை மட்டும் நின்றது.

அம்மாவும் குடித்தாள். "முருங்கக்கீரத் தண்ணியாட்ட இருக்குது. இதக் குடிக்கவா பெங்களூர்ல இருந்து வாராங்க?" சமையல் ரகத்தைக் குடித்துவிட்டு, "இது தேவல. கசந்தாத்தான் குடிச்சாப்புல இருக்குது" என்றாள். சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சனிக்கிழமை காலை, அக்காவிடம் சொல்ல வேண்டியதை பஸ்ஸில் மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். கடைக்குப் போனால் ராஜேஸ்வரி மேடம் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க செல்வி, ஒசத்தி ரகம் வந்துருக்குதாம்ல?"

"வந்துருக்குதுங்க மேடம். கலாவதி, அந்தத் தங்க எழுத்துப் பாக்கெட்ட எடு."

பையிலிருந்து எடுத்தேன். கொடுக்கவில்லை. "இது வேண்டாங்க்கா."

"ஏன்?"

"அம்மா வெயில்ல காய வெச்சுட்டாங்க."

"மட்சாவையா?" என்றார் மேடம்.

"கட்டியா இருந்துச்சுங்க. ஈரம்னு நெனச்சுட்டாங்க. காப்பின்னா அப்படித்தானுங்க."

அக்கா நெற்றியில் கை வைத்தார். நான் ஒரு வெள்ளைத் தாளில் மூன்றிலும் ஒவ்வொரு சிட்டிகை வைத்தேன். பேசுவதைவிட அது எளிது.

"இதுல ஒசத்தி எதுங்க?"

மேடம் நடுவில் இருந்ததைத் தொட்டார்.

"அது லாட்டேங்க. காக்கியா இருக்கறதுதான் தங்க எழுத்து."

மேடம் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, அந்த ரகத்தையே புதுசா வரவழைங்க. ஒரு வாரம் பொறுத்துக்கறேன்."

அக்காவின் முகம் தெளிந்தது. நான் தலையாட்டிவிட்டு நிறுத்தியிருக்கலாம்.

"உங்க கெஸ்ட்டுங்க பால் ஊத்தித்தானுங்களே குடிப்பாங்க?"

"முக்காவாசிப் பேரு அப்படித்தான்."

"அப்ப அது வேண்டாங்க. வெறும் தண்ணியில குடிக்கறவங்களுக்குத்தான் அது. பால்ல அதோட ருசியே தெரியறதில்லைங்க, போட்டுப் பாத்தேன். பாலுக்கு இந்த நடு ரகம் போதும். கேக்குக்கு மூணாவது."

அவ்வளவு நீளமாக நான் அந்தக் கடையில் பேசியதில்லை. காது சுட்டது. திரும்பி நின்று லாட்டேயைக் கடைந்து, பால் ஊற்றிக் கொடுத்தேன்.

மேடம் நிதானமாகக் குடித்தார். மேல் உதட்டில் பச்சை மீசை. டம்ளர் காலியானதும் இன்னொன்று கேட்டார். அதையும் முடித்துவிட்டு அக்காவிடம் சொன்னார்: "தூளு வந்ததுல இருந்து தெனமும் கொடுத்துருங்க. இந்தப் பொண்ணே போடட்டும்."

அவர் போனதும் அக்கா என் தலையில் செல்லமாகக் குட்டினார். "உங்கம்மாவ மட்டும் நம்ம ஸ்டோர் பக்கம் உட்டுராத."

மாலையில் வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் இஞ்சி மணத்தது. காக்கித் தூளில் ஒரு கரண்டியை எடுத்து வைத்திருந்த அம்மா, அதில் வெல்லமும் பாலும் போட்டு டீ மாதிரிக் கொதிக்க விட்டிருந்தாள்.

"கொட்ட மனசு வரல" என்றாள். "எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது."

"பொய்யி."

முழு டம்ளரையும் குடித்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பெட்டிப் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "போர்வையெல்லாம் எறக்கோணுமா கண்ணு?"

"ஒண்ணே ஒண்ணு எடும்மா" என்றேன். "மழைக்குப் போத்திக்க வேணும்."