எட்டாவது மாதத்து யூனிட்

வீடு வீடாகப் போய் கரண்டு மீட்டரில் ரீடிங் எடுப்பதிலேயே முப்பத்தொரு வருஷத்தைக் கழித்தவர் அவர். ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும் தெருவில் அவருக்கு ரீடிங்காரர் என்றுதான் பெயர். அத்தனை வருஷத்தில் நாய்க்குப் பயந்து ஒரு வீட்டைத் தாண்டிப் போனதில்லை. மழையைச் சாக்கு வைத்து உத்தேசமாக ஓர் எண்ணைக் கிறுக்கியதும் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒரு தெருவை முடித்துவிட்டு வருவார்கள். இவர் பூட்டிக் கிடக்கிற வீட்டின் சுவரேறிக் குதித்தாவது மீட்டரைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். இப்படி ஒரு மனுஷனோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை. ஆனால் அவருக்கு வாய்த்தவரும் லேசுப்பட்டவர் இல்லை.

அந்த அம்மா அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை பார்த்தவர். எழுத்து இருக்கிற காகிதம் எதுவானாலும் படிக்காமல் விட மாட்டார். மருந்துச் சீட்டு, சாமான் மடித்து வந்த தாள், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் சிவப்புப் பென்சில் ஓடிவிடும். ஒரு தடவை கரண்டு ஆபீஸ் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிய அபராத நோட்டீஸை வாங்கி, பதினொரு பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பி, அதே ஆபீஸில் வேலை பார்த்த புருஷனைத் தலைநிமிர முடியாமல் செய்தார்.

இரண்டு வருஷமாக அந்த அம்மாவுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிற வியாதி. அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் மெஷின் ராத்திரி பகல் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பும் நீளமான குழாய் அவருடைய மூக்கில் முடியும். குழாயின் நீளம்தான் அவருடைய உலகம். கட்டில், குளியலறை, முன்னறை நாற்காலி, சமையலறை வாசற்படி, அவ்வளவுதான். மெஷின் எந்நேரமும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பதால் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார்.

"கல்யாணம் ஆகி வந்தப்ப இந்த வீட்டுல மாமியார் இல்லைன்னு எல்லாரும் பொறாமைப்பட்டாங்க. இப்ப வந்து சேர்ந்துட்டாங்க பாருங்க" என்பார். சொல்லிவிட்டு மூச்சு வாங்குவார்.

மாமியார் மாதத்துக்கு இருநூற்று ஐம்பது யூனிட் தின்றாள். வீட்டின் மற்ற செலவெல்லாம் சேர்ந்து நூற்றுப் பத்து. ஆக முந்நூற்று அறுபது. காலையில் எழுந்ததும் சொந்த வீட்டு மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுகிற பழக்கம் உள்ள மனுஷனுக்கு இது தெரியாமல் இருக்குமா?

சோலார் பேச்சை ஆரம்பித்தது அந்த அம்மாதான்.

"என் ஒருத்திக்காக எவ்வளவு கரண்டு. மாடியில சோலார் போட்டா என்னங்க? கட்டுப்படி ஆகுமான்னு பாருங்களேன்."

வேறு யார் கேட்டிருந்தாலும் ஒரே மூச்சில் பதில் சொல்லியிருப்பார். மனைவி கேட்டபோது, "பார்க்கலாம்" என்று சொல்லி நழுவினார். அதற்குப் பதினைந்து நாள் முன்னால்தான், மனைவியை எக்ஸ்ரே எடுக்க உள்ளே கூட்டிப்போன சமயத்தில், டாக்டர் இவரை ஓரமாக நிறுத்தி விஷயத்தைச் சொல்லியிருந்தார். ஆறு மாதம். நன்றாக இழுத்துப் பிடித்தால் ஏழு. அதற்கு மேல் தன்னால் எதுவும் சொல்ல முடியாது.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்வதாவது. "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டபோது, "பரவாயில்லைன்னு சொன்னாரு" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இப்போது சோலார் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். முந்நூற்று அறுபது யூனிட் ஓடுகிற வீட்டில் சோலார் வேண்டாம் என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அந்தக் காரணத்தை அவரால் வாயில் எடுக்க முடியாது.

அதனால் சோலார்க்காரரை வரச் சொன்னார்.

வந்தவர் நடுத்தர வயது, கொஞ்சம் தொப்பை, நிறையப் பேச்சு. மாடிக்குப் போய் டேப்பை இழுத்து அளந்தார். எந்தப் பக்கத்திலிருந்து நிழல் விழுகிறது என்று கேட்டுக்கொண்டார். பிறகு முன்னறையில் உட்கார்ந்து, ஒரு வருஷத்து பில்களையும் புரட்டிப் பார்த்து செல்போனில் தட்டினார்.

"அஞ்சு வருஷம் ரெண்டு மாசம் சார். போட்ட காசு திரும்பி வந்துடும். அதுக்கப்புறம் இருபது வருஷம் கரண்டு சும்மா. கம்மியா செலவு பண்ற வீடுன்னா நானே வேண்டாம்னு சொல்லிடுவேன். மிஞ்சற கரண்டை ஆபீசுக்குக் குடுத்தா ஒண்ணும் பெரிசா கிடைக்காது. உங்க வீட்டுக்கு அந்தக் கவலையே இல்ல." செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். "இந்த ஓட்டம் இப்படியே இருக்கும்ல சார்?"

அறைக்கதவு திறந்திருந்தது. மாமியாரின் முணுமுணுப்பு கேட்டது. கட்டிலில் சாய்ந்திருந்தவரின் கால்விரல்கள் மட்டும் தெரிந்தன. அந்த விரல்கள் ஆடாமல் இருந்ததிலிருந்தே, உள்ளே ஒருத்தர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குப் புரிந்தது.

"இருக்கும்" என்றார்.

மீட்டரைப் பார்க்காமல் அவர் சொன்ன முதல் ரீடிங் அது. வியாழக்கிழமை நாலு மணிக்குக் கையெழுத்து வாங்க வருவதாகச் சொல்லிவிட்டு சோலார்க்காரர் போனார்.

மறுநாள் மத்தியானம், மனைவி கண்ணயர்ந்த நேரம், ரீடிங்காரர் சமையலறை மேஜையில் ஒரு தாளை விரித்து வைத்து உட்கார்ந்தார். எப்படியும் போடத்தான் போகிறார், பிறகு கணக்கு எதற்கு? உள்ளது என்ன என்று ஒரு தாளிலாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. முதல் மாதம் முந்நூற்று அறுபது. இரண்டாவது மாதம் முந்நூற்று அறுபது. இப்படி ஏழு வரைக்கும் மளமளவென்று எழுதினார். எட்டாவது மாதத்தில் பேனா நின்றது.

அங்கேயும் முந்நூற்று அறுபது போட்டிருக்கலாம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? பெற்ற தாயே வந்து கேட்டாலும் அவருடைய கை அதை எழுதாது. இருநூற்று ஐம்பதைக் கழித்தார். அறையின் மின்விசிறியைக் கழித்தார். வெந்நீரில் பாதியைக் கழித்தார். ஒவ்வொன்றாகக் கழிக்கக் கழிக்க, மனைவியைத் தானே வீட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அனுப்புவது போல இருந்தது. தொண்ணூறு என்று எழுதினார். அதற்குக் கீழே உள்ள வரிகளிலும் தொண்ணூறு, தொண்ணூறு. கூட்டி வகுத்துப் பார்த்தபோது, போட்ட காசு திரும்பி வரப் பதினெட்டு வருஷம் பதினொரு மாதம் என்று வந்தது. மேஜை மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அறைக்குச் சத்தம் கேட்காமல் அழுதார்.

அந்தத் தாளை அவர் கிழித்திருக்க வேண்டும். அடுப்பில் போட்டிருக்க வேண்டும். ஆனால் யூனிட் எழுதிய காகிதம் எதையும் கிழித்துப் பழக்கமில்லாத கை அது. சமையலறைச் சுவரில் பில்களைக் குத்தி வைக்கிற கம்பியில் அதையும் ஒழுங்காகக் குத்திவிட்டு வந்தது. குழாய் வாசற்படியோடு நின்றுவிடும், மனைவி அங்கே வர மாட்டார் என்ற தைரியம்.

வியாழக்கிழமை மத்தியானம் மருந்து வாங்கிக்கொண்டு வந்தவர், சோலார்க்காரருக்குக் காட்டலாம் என்று பில்களைக் கம்பியிலிருந்து எடுத்தார். அந்தத் தாள் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அதில் சிவப்புப் பென்சில் ஓடியிருந்தது.

இரண்டே இடத்தில்தான். முதல் வருஷத்துக் கூட்டுத்தொகையில் பத்து விட்டுப்போயிருந்தது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதை அடித்து, தொள்ளாயிரத்து எழுபது என்று திருத்தியிருந்தது. இன்னொன்று எட்டாவது மாதத்தின் பக்கத்தில். சின்னதாக ஒரு டிக். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று அச்சகத்தில் போடுகிற டிக். மனைவி வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்த எத்தனையோ புரூஃப்களில் அந்த டிக்கை அவர் பார்த்திருக்கிறார்.

தாளைக் கையில் பிடித்தபடியே அறைக்குப் போனார். கட்டிலில் சாய்ந்திருந்தவர் இவரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"குழாய் அங்க எட்டாதே" என்றார் இவர்.

"கழட்டி வச்சுட்டுத்தான் போனேன். ரெண்டு நிமிஷம் தாங்குது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஏழுன்னு சொன்னாரா டாக்டரு?"

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஆறு. நல்லா இருந்தா ஏழுன்னாரு."

"அப்ப ஏழாவதுக்கு முழு ஓட்டம் போட்டது தாராளம்தான்."

"நீ எதுக்கும்மா அதை எடுத்துப் பார்த்தே."

"பார்க்கத்தானே எழுத வச்சேன்." அவர் குரலில் கோபம் இல்லை. "நான் எதுக்கு சோலார் சோலார்னு நச்சரிச்சேன்னு நினைச்சீங்க? டாக்டரைக் கேட்டா மேல கையைக் காட்டுவாரு. உங்களைக் கேட்டா சுவத்தைப் பார்த்துக்கிட்டு பரவாயில்லைம்பீங்க. வாயால பொய் சொல்லிடுவீங்க. கையால உங்களுக்குச் சொல்ல வராது. நாப்பது வருஷமாப் பார்க்கிறேனே."

அவர் அழுதார். இந்தத் தடவை சத்தத்தை மறைக்கவில்லை. மனைவியின் கை வந்து அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையில் எலும்புதான் இருந்தது.

"தொண்ணூறும் ஜாஸ்திங்க" என்றார் அந்த அம்மா, கொஞ்ச நேரம் கழித்து. "ஒத்தை ஆளுக்கு அவ்வளவு ஆகாது. மிக்ஸியை எல்லாம் சேர்த்திருக்கீங்க. உங்களுக்கு மிக்ஸி போடத் தெரியுமா? அறுபதைத் தாண்டாது பாருங்க."

"அப்ப அதை ஏன் திருத்தாம விட்டே?"

"அது உங்க ரீடிங். அதுல நான் கை வைக்கக்கூடாது."

அவர் தாளை நாலாக மடித்தார். "போட்டுடலாம்மா. எத்தனை வருஷமானா என்ன. மாடியில அது இருந்தா நீ கேட்டது இருக்குன்னு..."

"எண்பத்து நாலு வயசு வரைக்கும் மாடியேறித் துணியால துடைச்சுக்கிட்டு இருப்பீங்களா? சும்மா இருங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. நாலு மணிக்கு சோலார்க்காரர் வந்தபோது முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து அந்த அம்மாவே பேசினார்.

"வேண்டாம்ங்க. எங்க ஓட்டம் குறையப்போகுது."

"நல்ல விஷயம்தானேம்மா" என்றார் சோலார்க்காரர், ஒன்றும் தெரியாமல். "பழைய மெஷின் ஏதாவது மாத்தறீங்களா?"

"மாமியாரை அனுப்பிடறோம்."

சோலார்க்காரர் மரியாதைக்குச் சிரித்தார். ரீடிங்காரர் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனவர், வந்தவர் போகும்வரைக்கும் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பொய் இல்லை. அதுவே அவர்களுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்தது. பென்சில், சேலை, வங்கிப் புத்தகம் எல்லாம் எங்கே இருக்கிறது, யாருக்குப் போக வேண்டும் என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல இவர் எழுதிக்கொண்டார். எழுதியதை வாங்கிப் பார்த்து அதிலும் ஐந்தாறு திருத்தம் போட்டார். டாக்டர் சொன்ன ஆறு மாதம் கூட வரவில்லை. ஐந்தாவது மாதத்தின் கடைசியில், ஒரு காலை நேரத்தில், குழாயை மாட்டியபடியே போய்ச் சேர்ந்தார்.

எட்டாவது மாதம் ரீடிங் எடுக்க வந்த பெண்மணி, ஒரு காலத்தில் ரீடிங்காரரிடமே வேலை பழகியவர். வாசல் மீட்டரைப் பார்த்தார், கையிலிருந்த கருவியில் தட்டினார், மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

"சார், முந்நூத்திப் பத்து காட்டுது."

"ம்."

"அம்மா போய் மூணு மாசமாச்சு. இப்ப நீங்க ஒருத்தர்தானே. போன மாசமும் இப்படித்தான் இருந்துச்சு, நான்தான் கேக்கலை." தயங்கினார். "மீட்டர் வேகமா ஓடுது போல சார். மாத்தச் சொல்லி எழுதட்டுமா?"

அவர் அறைப் பக்கம் திரும்பினார். உள்ளிருந்து முணுமுணுப்பு கேட்டது. பெண்மணி வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். அறைக்கதவு திறந்திருந்தது. கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. மெஷினின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலையணையின் மேல், ஒரு முகத்துக்கு இடம் விட்டுவைத்தது போல, குழாய் வளைந்து கிடந்து காற்றை விட்டுக்கொண்டிருந்தது. மெஷினை ரீடிங்காரர் ஒரு நாள் அணைத்துப் பார்த்திருந்தார். வீட்டில் எழுந்த அந்த அமைதியில் அவரால் மூச்சுவிட முடியவில்லை.

பெண்மணியின் விரல் கருவியின் மேலேயே நின்றுவிட்டது.

"மீட்டர் சரியாத்தான் இருக்கும்மா" என்றார் ரீடிங்காரர். "முந்நூத்திப் பத்துன்னே எழுதிக்கோ. அதுல என்னோடது அறுபதுதான்."