நாலு மணிப் பாடம்

1

இந்தக் கதைக்கு நான் ஆசைப்படவில்லை. எண்பதுகளில் தொலைக்காட்சியில் வந்த பல்கலைக்கழகப் பாடங்களைப் பற்றி ஒரு பத்திரிகையில் கட்டுரை கேட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே படிக்கலாம். சேர்க்கை இல்லை, தேர்வு இல்லை. நல்ல விஷயந்தான். ஆனால் எல்லாம் ஆங்கிலம். காரைக்காலில் யாராவது பார்த்தார்களா என்று விசாரித்துத் திரிந்தபோது ழோசெத் அம்மாள் சொன்னார்:

"நாங்க ரெண்டு பேரு பாத்தோம். ஒரு வீட்டையே கலக்கிட்டுது அது."

கட்டுரை அன்றோடு நின்றது.

2

முதல் தொடக்கம்: "1986ஆம் ஆண்டு, கல்வியெனும் பேரொளி காரைக்கால் கடற்கரையைத் தழுவியபோது..." வேண்டாம். எந்த ஒளியும் எதையும் தழுவவில்லை.

இரண்டாவது: "சௌந்தரவல்லி கண்ணீருடன்..." இதுவும் வேண்டாம். அவள் அழுததாக ழோசெத் சொல்லவே இல்லை. நானாக அழவைக்கப் பார்த்தேன்.

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். ழோசெத்தின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், காலமாகிவிட்டார். தெருவில் ழோசெத் வீட்டில் மட்டும்தான் டிவி. பக்கத்து வீட்டு சௌந்தரவல்லி வரிச்சிக்குடிப் பெண். பள்ளியோடு படிப்பு நின்றவள். கணவர் நீலமேகம் அரசு அலுவலகக் குமாஸ்தா. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகியும் குழந்தை இல்லை. மதியம் சோறு வடித்துவிட்டு ழோசெத் வீட்டுக்கு வந்துவிடுவாள். பாறைகள், நட்சத்திரங்கள், எது வந்தாலும் இருவரும் பார்த்தார்கள். தனக்குத் தெரிந்த பிரெஞ்சு மாதிரி இருந்த சொற்களை ழோசெத் பிடித்துக்கொள்வார். மீதியைப் படத்தை வைத்து வல்லி ஊகிப்பாள்.

(எதற்காகப் பார்த்தாள்? படிப்பாசை என்று எழுதினேன்; அடித்தேன். வீட்டில் மாமியார் இருந்தார். அந்த ஒரு மணி நேரம் அவர் குரலைக் கேட்காமல் இருக்கலாம்.*)

* மாமியாரைக் கொடுமைக்காரியாக்க எனக்கு மனமில்லை. அவருக்குப் பேரன் வேண்டும். அதற்காக ஒரு நாள் மகனுக்கு இரண்டாந்தாரமாகப் பெண் பேசத் திருநள்ளாறு போயிருந்தார்.

3

மாமியார் திருநள்ளாறு போயிருந்த அன்று மதியம் மனித உடலைப் பற்றிய பாடம். திரையில் ஓர் ஆண் படம், ஒரு பெண் படம், நடுவில் கேள்விக்குறி. பேராசிரியை பேசிக்கொண்டே போனார். ழோசெத் சட்டென்று நிமிர்ந்தார்.

"வல்லி, ஆம்பளைக்கும் இருக்கலாங்கறாடி."

"எது மதாம்?" வல்லி அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"குறை. புள்ள இல்லன்னா..."

கரண்ட் போய்விட்டது.

வல்லி இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு கேட்டாள்: "நாலு மணிக்கு இதையே திரும்பப் போடுவாங்கல்ல?"

4

நாலு மணிக்குள் கரண்ட் வந்துவிட்டது. நீலமேகம் அன்று விடுப்பில் இருந்தார். மதாமுக்கு இங்கிலீஷ் புரியவில்லை, வந்து சொல்லுங்கள் என்று வல்லி கூப்பிட்டதும் அவருக்குக் கொஞ்சம் பெருமை. சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

முதலில் உற்சாகமாக மொழிபெயர்த்தார். பிறகு மெதுவாக. கேள்விக்குறி வந்ததும் நிறுத்திவிட்டார்.

"என்னங்க சொல்றாங்க?"

"சத்தம் சரியா கேக்கல."

ழோசெத் எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டினார். தெரு வரைக்கும் ஆங்கிலம் கேட்டது.

வல்லி திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "என்னை மட்டும் எத்தனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனீங்க. சொல்லுங்க."

"பொம்பளைய மட்டும் பாத்தா போதாதாம்," என்றார் நீலமேகம். குரல் அவருடையது மாதிரியே இல்லையாம். "ஆம்பளையையும் பாக்கணுமாம்."

5

இதற்கு மேல் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் டிவியை அணைக்கிறார். ஒன்றில் அவளை அடிக்கிறார். எழுதிவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை, கிழித்தேன். இன்னொன்றில் மன்னிப்பு கேட்கிறார். அதை நானே நம்பவில்லை.

ழோசெத் சொன்னது இதுதான். அவர் எழுந்து வாசல் வரை போனார். செருப்பை மாட்டினார். திரும்பிப் பார்க்காமலே, "எந்த டாக்டர்கிட்ட போகணும்?" என்றார். திருநள்ளாற்றிலிருந்து வந்த அம்மாவிடம், "பொண்ணெல்லாம் வேணாம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் அம்மா அவரோடு பல நாள் பேசவில்லை.

பிறகு? குழந்தை பிறந்ததா?

எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. ஊரே அவளிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது, நீங்களும் கேட்காதீர்கள். வேண்டுமானால், அடுத்த நாள் மதியம் பாடம் பார்க்க வந்தாளா என்று கேளுங்கள்.

வந்தாள். பாலம் கட்டுவதைப் பற்றி யாரோ பேசினார்கள். இருவருக்கும் ஒரு வார்த்தையும் புரியவில்லை. முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.