கடைசி அடுப்பு

எங்கள் நாட்டின் எரிவாயுக் குழாய் கடற்கரையில் தொடங்கி ஒரு பேக்கரியில் முடிகிறது. நடுவில் நானூற்றுப் பத்து கிலோமீட்டர், இரண்டு நகரங்கள், ஒரு கண்ணாடித் தொழிற்சாலை, எண்ணி மாளாத அடுப்புகள். பேக்கரி மலைமேல் இருக்கிறது. அதற்கு அப்பால் வெறும் பாறைதான்.

அந்தக் கடைசி முனையில் ஓர் அழுத்தமானி பொருத்த வேண்டும் என்று பதினோரு வருடங்களுக்கு முன்பே முடிவாகிவிட்டது. அதைப் பொருத்த வேண்டியது எரிசக்தித் துறையா, நகராட்சித் துறையா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஆகவே கட்டுப்பாட்டு அறையில் காலை ஷிப்ட் பார்ப்பவர் ஒன்பது மணிக்குப் பேக்கரிக்குப் போன் செய்வது வழக்கமாகிவிட்டது.

"அக்கா, சுடர் என்ன நிறம்?"

"நீலம். நேத்தும் நீலம், இன்னிக்கும் நீலம். உனக்கு வேற வேலையே இல்லையா?"

இதுதான் என் வேலையே. நீலம் என்று பதிவேட்டில் எழுதுவேன். அதற்கென்றே ஒரு கட்டம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். பேக்கரிக்கார அக்காவின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. குரலையும், பின்னால் தட்டுகள் மோதும் சத்தத்தையும் மட்டும் தெரியும்.

கப்பல் திருவிழா அன்று, அதாவது பேப்பர்க்காரர்கள் அப்படிப் பெயர் வைத்த அந்த நாளில், என் தற்காலிகப் பணி முடிய ஒரே ஒரு நாள் பாக்கி இருந்தது. ஆறு மாதம் முடிந்தால் இயக்குநர் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார், நான் நிரந்தரம். போடாவிட்டால் வீட்டுக்குப் போய் அப்பாவும் அம்மாவும் போடுகிற சண்டையை முழு நேரமும் கேட்கலாம்.

அந்தச் சண்டையும் எரிவாயுவைப் பற்றித்தான். கடலடியில் கிடைத்ததை வெளிநாட்டுக்கு விற்பதா, நமக்கென்று வைத்துக்கொள்வதா என்று நாடே இரண்டாகப் பிரிந்திருந்தது. அப்பா விற்கிற கட்சி.

"வித்தாத்தானே ஊருக்கு நல்ல ரோடு வரும்?" என்பார்.

"அடுப்பு அணைஞ்சா அந்த ரோட்டுல உக்காந்தா சமைப்பீங்க?" என்பாள் அம்மா.

நாடாளுமன்றத்திலும் மூன்று நாள் இதே பேச்சுதான், மைக்கோடு. கடைசியில் எரிசக்தி அமைச்சர் எதிர்க்கட்சியின் வாயை அடைக்கச் சட்டத்தில் ஒரு வரியைச் சேர்த்தார்: குழாயின் கடைசி முனையில் அழுத்தம் குறைந்தால், பணியில் இருக்கும் அலுவலர் யாரிடமும் அனுமதி கேளாமல் ஏற்றுமதி வால்வை மூட வேண்டும். வாக்கெடுப்பு ஜெயித்தது. அதற்குப் பிறகு அந்த வரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் அறையில் மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதன் ஆணியில் ஜோசியர் தன் குடையைத் தொங்கவிடுவார்.

ஜோசியர் என்றால் நிஜ ஜோசியர் இல்லை. நாளை எவ்வளவு வாயு செலவாகும் என்று முன்கூட்டிச் சொல்லும் அலுவலர். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். சரியாகச் சொன்னால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தப்பினால் ஊரே கவனிக்கும். அந்தக் கவலையில் எப்போதும் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார்.

முதல் கப்பல் கிளம்பும் நாளுக்கு அரசு விடுமுறை அறிவித்தது. மக்கள் வீட்டில் இருந்து நேரலையில் பார்க்க வேண்டுமாம். ஜோசியர் கணக்குப் போட்டார். விடுமுறை என்றால் ஆலைகள் மூடியிருக்கும், அலுவலகங்கள் மூடியிருக்கும், செலவு குறையும். கப்பலுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். கடந்த இருபது விடுமுறைகளின் வரைபடத்தையும் இணைத்து அனுப்பினார். இயக்குநர் "சபாஷ்" என்று பச்சை மையில் எழுதினார்.

அன்று காலை குளிராக இருந்தது. தூறலும் சேர்ந்துகொண்டது. ஒன்பது மணிக்கு நீலம். பத்து மணிக்கு அமைச்சர் துறைமுக மேடையில் ஒரு பொத்தானை அழுத்தினார். அவருக்குப் பின்னால் பெரிய பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. கரையில் இருக்கும் ஆலை வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலுக்கு அனுப்பத் தொடங்கியது. எங்கள் அறையின் மூலையில் இருந்த டிவியில் எல்லாம் அழகாகத் தெரிந்தது. கப்பலின் வாயுத் தொட்டிகளான வெள்ளைக் குமிழ்கள் நான்கும் கவிழ்த்து வைத்த கிண்ணங்கள் போல இருந்தன.

பிறகு அமைச்சர் பேசத் தொடங்கினார்.

"என்ன மேடம் இது?" என்றார் ஜோசியர். திரையில் நகர வாசலின், அதாவது குழாய் நகரத்துக்குள் நுழையும் இடத்தின், அழுத்தம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தாறு, முப்பத்தைந்து.

"பேச்சு ஆரம்பிச்சதுலேர்ந்து இறங்குது."

"பேச்சுக்கும் அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?"

மேடையில் ஒரு பாடகி வந்து இரண்டு நிமிடம் பாடினார். திரையில் அழுத்தக் கோடு இறங்குவது நின்றது. கொஞ்சம் ஏறவும் செய்தது. அமைச்சர் திரும்ப மைக்கைப் பிடித்தார். கோடு மறுபடி சறுக்கியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜனங்க எழுந்து சமையலறைக்குப் போறாங்க."

ஜோசியர் நகத்தை வாயிலிருந்து எடுத்தார். "அய்யய்யோ."

"மத்த லீவுல எல்லாரும் வெளியே சுத்தப் போவாங்க. இன்னிக்கு மழை, போதாததுக்கு டிவி. நாடே வீட்டுல இருக்கு. பேச்சு போரடிச்சா தண்ணி சுட வைக்கலாம், குழம்பை அடுப்புல ஏத்தலாம்."

"வாயு விக்கிறதைக் கொண்டாட லீவு விட்டு, அந்த லீவாலயே வாயு காலி. என் கணக்குல கொண்டாட்டத்துக்குன்னு ஒரு கட்டமே இல்லையே மேடம்!"

இருபது விடுமுறைகளைப் பார்த்தவருக்கு இருபத்தோராவது இப்படி ஒரு வேலை செய்திருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்குள் போன் அடித்தது. பேக்கரி. பதினோரு வருடத்தில் பேக்கரி எங்களைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு பதிவேட்டைப் புரட்டித் தெரிந்துகொண்டோம்.

"தங்கச்சி, இன்னிக்கு நானே சொல்றேன். நீலம் இல்ல."

"என்ன நிறம்க்கா?"

"நுனி மஞ்சள். சுடர் குட்டையாப் போச்சு. அடுப்போட ரெண்டாவது வரிசை அணையட்டுமா வேண்டாமான்னு யோசிச்சிட்டிருக்கு. உள்ள இன்னிக்குன்னே கப்பல் வடிவத்துல வெட்டின முந்நூறு பிஸ்கட் வெந்துட்டிருக்கு. பசங்க வாசல்ல நிக்குதுங்க. உன் கப்பலுக்காக என் கப்பல் முழுகணுமா?"

"அக்கா, ஒரு பத்து நிமிஷம் பாத்துக்குங்க. அணைஞ்சா உடனே குழாயை மூடிடுங்க."

"அதை எனக்குச் சொல்ற. இந்தத் தெருவுல எல்லாரும் டிவி முன்னாடி. அடுப்பை யாரு பாத்தா?"

என் சிரிப்பு நின்றது அப்போதுதான். சுடர் அணைந்தால் பிஸ்கட் வேகாது என்பதோடு போகாது. அணைந்த அடுப்பை யாரும் மூடாமல் விட்டு, அழுத்தம் திரும்பி வந்தால், நெருப்பில்லாமல் வாயு மட்டும் வீட்டுக்குள் வரும். மலை முழுக்கச் சமையலறைகள்.

இயக்குநரைக் கூப்பிட்டேன். அவர் மேடைக்குப் பின்னால், அமைச்சரின் நாற்காலிக்கு நான்கடி தூரத்தில் இருந்தார். டிவியில் அவர் காதில் போனை வைப்பதையே பார்த்தேன்.

"சார், கடைசி முனையில அழுத்தம் குறைஞ்சிடுச்சு. ஏற்றுமதி வால்வை மூடணும்."

"நகர வாசல் எவ்வளவு?"

"முப்பத்திரண்டு."

"அது போதுமே! கடைசி முனையில மீட்டரே இல்லையேம்மா. எதை வெச்சுச் சொல்ற?"

"பேக்கரி அக்கா சொன்னாங்க. சுடர் மஞ்சளாயிடுச்சாம்."

டிவியில் அவர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "ஒரு பேக்கரிக்காரம்மா சொன்னாங்கன்னு நாட்டோட கப்பலை நிறுத்துவியா? வெளிநாட்டுத் தூதர் உக்காந்திருக்கார். நாலு கேமரா. பச்சை விளக்கு சிவப்பாச்சுன்னா என் மூஞ்சியும் சிவப்பாயிடும்."

"அப்ப அமைச்சர் பேச்சைக் கொஞ்சம் சுருக்கச் சொல்லுங்க சார். அவர் பேசினாத்தான் இறங்குது."

டிவியில் அவர் அமைச்சரின் முதுகைப் பார்த்தார். "அதை நான் போய்ச் சொல்லணுமா?"

"பாட்டு போட்டாலும் சரி சார்."

"இருபது நிமிஷம் பொறு. நாளைக்கு உன் தாள் என் மேசைக்கு வருதுன்னு ஞாபகம் இருக்கட்டும்." போனை வைத்துவிட்டார். குரலில் மிரட்டல்கூட இல்லை. கெஞ்சல்தான் அதிகம். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அமைச்சர் தன் இளமைக்காலத்துக்கு வந்திருந்தார். கோடு செங்குத்தாக இறங்கியது. ஜோசியர் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த சட்டத்திலிருந்து குடையை எடுத்துக் கீழே வைத்தார். குடையால் இத்தனை நாள் மறைந்திருந்த மூன்று சொற்கள் அப்போதுதான் தெரிந்தன. யாரிடமும் அனுமதி கேளாமல்.

பேக்கரிக்குப் போன் செய்தேன். ஒன்பது மணிக்குக் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டேன்.

"அக்கா, சுடர் என்ன நிறம்?"

"ரெண்டாவது வரிசை அணைஞ்சிடுச்சும்மா."

அவள் குரலுக்குப் பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் இல்லை. பொய் சொல்ல அவளுக்கு என்ன தேவை? ஆறு மாதமாக நான் நீலம் என்று எழுதியதெல்லாம் அவள் வார்த்தையை நம்பித்தானே. நீலத்துக்கு நம்பலாம், மஞ்சளுக்கு நம்பக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

வால்வை மூடினேன். விரலின் வேலை மூன்று நொடி.

டிவியில் அமைச்சரின் தலைக்குப் பின்னால் பச்சை விளக்கு சிவப்பாயிற்று. அதோடு ஒரு மணியும் அடித்தது. அப்படி ஒரு மணி இருப்பதே எங்களுக்குத் தெரியாது. முன்வரிசையில் இருந்தவர்கள் அது நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள். அமைச்சர் திரும்பிப் பார்த்தார். இயக்குநர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார்.

"என் வேலை போச்சு," என்றேன்.

"என்னோடதும்தான். ரெண்டு பேரும் சேர்ந்து பேக்கரி வைக்கலாம்," என்றார் ஜோசியர். "எத்தனை பன் விக்கும்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க."

அமைச்சர் மைக்கைத் தட்டினார். நாற்பது வருடம் தேர்தலில் நின்றவர்; வழுக்கினால் அதையே நடனமாக்கத் தெரிந்தவர்.

"இந்தச் சிவப்பு விளக்கு என்னன்னு கேக்கறீங்களா? இது நான் எழுதின சட்டம்! மலைமேல ஒரு அம்மாவோட அடுப்பு சின்னதாச்சு, கப்பல் நின்னுடுச்சு. நம்ம வீட்டு அடுப்பு எரிஞ்சு மிச்சம்தான் ஊருக்கு! போய் உங்க அடுப்பைப் பாருங்க. அணைஞ்சிருந்தா முதல்ல குழாயை மூடுங்க!"

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்தக் கடைசி வாக்கியத்தை மலைவீடுகளுக்கு எப்படிச் சேர்ப்பது என்றுதான் அதுவரை தவித்துக்கொண்டிருந்தேன். நான்கு கேமராக்களும் அதைச் செய்துவிட்டன. என் அம்மா கை தட்டியிருப்பாள். அமைச்சர் அவளுக்குப் பிடிக்காத கட்சி என்றாலும்.

கோடு நின்றது. நிமிர்ந்தது. பதினைந்து நிமிடத்தில் பேக்கரியிலிருந்து போன். "நீலம். இருநூத்தி அறுபது பொழைச்சிடுச்சு. நாப்பதுக்கு அடி வேகல, மாவு." பிற்பகல் ஒரு மணிக்கு நாடு சாப்பிட்டு முடித்துத் தூங்கப் போனது. அழுத்தம் நாற்பதைத் தாண்டியது. வால்வைத் திறந்தேன். கப்பல் நான்கு மணி நேரம் தாமதமாக, வயிறு நிறையக் கிளம்பியது. தூதர் அதுவரை நாற்காலியிலேயே தூங்கினார் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை இயக்குநர் அறைக்குப் போனேன். மேசையில் என் தாள் இருந்தது, கையெழுத்து இல்லை. அவர் போனை என் பக்கம் நீட்டினார்.

"நேத்து மூடினது நீங்கதானா?" அமைச்சரின் குரல், மைக் இல்லாமல், எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"ஆமா சார்."

"நான் பேசறப்ப ஜனங்க எந்தெந்த இடத்துல எழுந்து போனாங்கன்னு உங்க வரைபடத்துல தெரியுமாமே?"

நான் இயக்குநரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"தெரியும் சார்."

"நிமிஷ வாரியாவா?"

"நொடி வாரியாவே இருக்கு சார்."

"என் மாமனார் கதை சொன்னேனே, அங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். "அங்கதான் சார் ரெண்டாவது வரிசை அணைஞ்சது."

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு. இயக்குநருக்கே கேட்டது. "முழுசா அனுப்புங்க. எதையும் மறைக்காதீங்க. இனிமே நான் டிவியில பேசற நாள்லல்லாம் ஷிப்ட்டுல நீங்கதான் இருக்கணும். உங்க இயக்குநர்கிட்ட குடுங்க."

இயக்குநர் போனைக் காதில் வைத்தபடியே, "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே, இடது கையால் தாளைத் தேடி இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பச்சை மைதான்.

ஜோசியர் அன்று மாலைவரை உட்கார்ந்து வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் குறித்தார். இளமைக்காலம், மாமனார், புள்ளிவிவரம், மறுபடி மாமனார். தன் கணக்குத் தாளிலும் புதிதாக ஒரு கட்டம் போட்டுக்கொண்டார்: பேச்சு, நிமிடங்களில்.

அமைச்சரின் அடுத்த பேச்சு ஒன்பது நிமிடம் ஓடியது. கோடு அசையவே இல்லை.

அந்த வாரம் மலையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே கப்பல் பிஸ்கட்டுகள், அடி மாவான நாற்பதும். மூடியில் மாவுக்கை பட்ட எழுத்தில், "இதுதான் நீ காப்பாத்தாதது" என்று இருந்தது. ஜோசியர் ஒன்றைக் கடித்துப் பார்த்து, நகத்தைவிடப் பரவாயில்லை என்றார்.

ஒன்பது மணி ஆகியிருந்தது. போனை எடுத்தேன்.