கழுவிய இரும்பு

அந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் என் வேலை கழுவுவதுதான். பதிவேட்டில் உதவியாளர் பிச்சமுத்து என்று இருக்கும். பேராசிரியர் சௌம்யநாராயணன் வளைத்து, இழுத்து, அறுத்துப் போட்ட உலோகத் துண்டுகளைக் கழுவித் துடைத்து, பஞ்சு விரித்த தட்டில் வரிசையாக வைப்பேன். ஒரு விரல் ரேகை பட்டிருந்தாலும் உருப்பெருக்கியில் மலை மாதிரி தெரியும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதன் பிறகு அவர் கைக்குப் போகும் எதையும் நான் அழுக்கோடு கொடுத்ததில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. மன்னார்புரத்துக்குத் தெற்கே கல் உடைக்கிறவர்கள் குடியிருப்பில் பிறந்தவன் நான். என் அம்மா இருளாயி சாகிற வரைக்கும் ஜல்லி உடைத்தாள். எங்களில் சாயங்காலம் சுத்தமான சட்டையோடு வீடு திரும்பிய முதல் ஆள் நான்.

அறுபத்தேழாம் வருடம் சார் இருதய வால்வுக்கான கம்பியைச் சோதித்துக்கொண்டிருந்தார். சின்னக் கம்பிக் கூண்டு, அதற்குள் ஓர் உருண்டை. கெட்டுப்போன வால்வை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்துத் தைப்பார்களாம். ரத்தம் போகும்போது உருண்டை விலகும், திரும்பி வரப் பார்த்தால் அடைத்துக்கொள்ளும். வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், சுலபத்தில் கிடைக்காது. இங்கே கிடைக்கிற கம்பியில் செய்ய முடியுமா என்று சென்னையில் ஒரு டாக்டர் கேட்டிருந்தார். இருதயம் ஒரு நாளைக்கு லட்சம் தடவை அடிக்கிறது. அத்தனை அடியையும் கம்பி வருடக்கணக்கில் தாங்க வேண்டும். ஒரு மோட்டார் இரவு பகலாக அதை வளைத்து நிமிர்த்திக்கொண்டிருக்கும். அறுந்ததும் நான் எண்ணைக் குறித்துக்கொண்டு துண்டைக் கழுவி வைப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் சங்கிலி வந்தது.

எங்கள் குடியிருப்பை ஒட்டிய குவாரியில் பாறையைத் தூக்கும்போது விஞ்ச் சங்கிலி அறுந்து, கீழே நின்ற சின்னையன் நசுங்கிச் செத்தான். விஞ்ச் ஓட்டிய மதுரைவீரன் மேல் போலீஸ் கேஸ். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினான், அஜாக்கிரதையால் ஆளைக் கொன்றான் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். சங்கிலியில் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது, மாற்றச் சொல்லியும் மாற்றவில்லை என்பது மதுரைவீரன் கட்சி. பாரத்தால் ஒரே மூச்சில் அறுந்ததா, பழைய விரிசலா என்று பார்த்துச் சொல்லும்படி அறுந்த சங்கிலிக் கண்ணியைக் கோர்ட்டு சாருக்கு அனுப்பியது.

அரக்கு வைத்த சாக்குப் பொட்டலத்தைக் கான்ஸ்டபிள் என் மேஜையில் தொப்பென்று போட்டார். "ஆளை முழுங்குன சங்கிலிடா. பக்கத்துல உக்காந்து சோறு திங்காதே."

சனிக்கிழமை மத்தியானம். சார் சென்னை ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார். அரக்கை உடைத்தார், கையெழுத்துப் போட்டார், இரும்பை ஏறிட்டும் பார்க்கவில்லை. "திங்கக்கிழமை பார்க்கலாம்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கட்டைவிரல் கனமுள்ள கண்ணி. ஒரு பக்கம் அறுந்து வாயைப் பிளந்திருந்தது. கிரீஸ், கல்தூசி, ஓரத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அது என்னவென்று நான் யோசிக்கவில்லை. அறுந்த முகத்தைப் பார்த்தேன். பாதிக்கு மேல் பிறை மாதிரி துரு, மிச்சம் மட்டும் பளிச்சென்று வெள்ளை. சங்கிலிக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு அது புரியாமல் இருக்குமா? பழைய விரிசல் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே ஆசிட் தொட்டியில் போட்டேன். இப்படி ஒரு அசிங்கத்தை சார் கையில் எப்படிக் கொடுப்பது? அரை மணி ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் இரண்டு முகத்தையும் தேய்த்தேன். துரு பிடிவாதமாக இருந்தது. நானும் பிடிவாதமாகத் தேய்த்தேன். கழுவி, காயவைத்து, பஞ்சில் வைத்துப் பார்த்தபோது நிறைவாக இருந்தது.

திங்கட்கிழமை சார் லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, பாடம் நடத்துகிற மாதிரி எனக்குச் சொன்னார். "பழைய விரிசலா இருந்தா உள்ள தண்ணி போய்த் துருப் பிடிச்சிருக்கும். அந்தத் துருதான் சாட்சி. எது முன்னாடியே விட்டது, எது அன்னிக்கு அறுந்ததுன்னு கோடு போட்ட மாதிரி காட்டிடும். இதுல துருவே இல்லையே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ ஒண்ணும் பண்ணலையே இதை?"

"இல்ல சார். வந்தது வந்தபடியே எடுத்து வச்சேன்."

யோசித்துச் சொன்ன பொய்யில்லை. வாய் முந்திக்கொண்டது. மூன்று மாதத்தில் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கு முந்தின வருடம் ஒரு துண்டைத் தொலைத்ததற்காக ஒருவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அது நாக்குக்குத் தெரிந்திருந்தது. அவர் இன்னும் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். பழைய விரிசலுக்கான அடையாளம் எதுவும் காணப்படவில்லை என்று அறிக்கை போனது.

ஒன்பதாம் நாள் மதுரைவீரன் மனைவி பாப்பாயி கல்லூரி வாசலில் நின்றாள். காலையிலிருந்தே நிற்பதாக வாட்ச்மேன் சொன்னார்.

"நீ இருளாயி மவன்தானே? உள்ளதான் வேலை பாக்குறியாம்ல. அந்தக் கண்ணியப் பாத்தியா தம்பி?"

"நான் கழுவுற ஆளுக்கா. எனக்கு என்ன தெரியும்?"

"வாரத்துக்கு ரெண்டு தடவ மொதலாளிகிட்ட சொன்னாரு, சங்கிலி விட்டுருச்சு மாத்துங்கன்னு. ‘நீ கட்டுன தாலி கெட்டியா இருக்கான்னு போய்ப் பாருடா’ன்னு கேலி பண்ணி அனுப்பிச்சான் அந்தாளு. இப்ப சின்னையன நீதான் கொன்னேங்கிறான். ரெண்டு பேரும் ஒரே தட்டுல தின்னவங்க தம்பி. படிச்சவரு பாத்தா உண்மை தெரிஞ்சிரும்னு எங்க வக்கீல் சொல்றாரு. தெரிஞ்சிருமில்ல?"

"தெரியும்க்கா" என்றேன்.

அவள் என்னைக் கும்பிட்டாள். நான் உள்ளே போய், கழுவியிருந்த தட்டையே மறுபடி கழுவினேன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை. என் மனைவி அமிர்தம் என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "நமக்குத் தெரிஞ்சது அந்தக் குவாரிக்காரங்களுக்குத் தெரியாதில்ல? அப்ப விடு" என்றாள். அதைத்தான் நானும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோது குமட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். சார் வீடு சித்திரை வீதியில். கோயிலுக்குப் போய்விட்டுத் திருமண்ணோடு வந்துகொண்டிருந்தார். வாசல்படிக்குக் கீழே நான் நிற்பதைப் பார்த்துப் பதறினார்.

"என்னப்பா, மெஷின் நின்னுடுத்தா?"

"மெஷின் ஓடுது சார். அந்தச் சங்கிலிய நான் கழுவிட்டேன். ஆசிட்ல போட்டு."

அவர் கையிலிருந்த துளசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டு முகத்தையுமா?"

"ஆமா சார்."

"ஒரு ஓரத்துலகூட மிச்சம் வைக்கலையா?"

"நீங்க பார்க்கறதுன்னு நல்லாத் தேய்ச்சேன் சார்."

"துரு இருந்துதா?"

"பாதிக்கு மேல இருந்துச்சு. பிறை மாதிரி."

வீதியில் பூக்காரி கூவிக்கொண்டு போனாள். அவள் தாண்டியதும் சார் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியும்னு வச்சுக்கோயேன்" என்றார். "குவாரில கிடந்த இரும்பு அவ்வளவு சுத்தமா வருமா? ஆசிட் கடிச்சது லென்ஸுல தெரிஞ்சுது. உன்னைக் கேட்டேன். நீ இல்லேன்னே. எனக்கு அது சௌகரியமாப் போச்சு. தெரியும்னு ஒத்துண்டா, சோதனைக்கு வந்த பொருளை என் ஆய்வுக்கூடத்துலயே கெடுத்தோம்னு எழுதணும். சென்னைக்காராளுக்கு அப்புறம் என் கம்பி மேல என்ன நம்பிக்கை இருக்கும்? உன் பொய்யைச் சாக்கா வச்சுண்டு கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். நானும் அவர் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கே கோர்ட்டுக்கு எழுதறேன். நீயும் வந்து சாட்சி சொல்லணும்."

"வேலை போயிடுமா சார்?"

அப்போதும் அதைத்தான் கேட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தால் உடம்பு கூசுகிறது. வேலை போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிரந்தரமாக்குவதை ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான்.

கோர்ட்டில் முதலில் சாரைக் கூண்டில் ஏற்றினார்கள். தன் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அடுத்தது நான். மதுரைவீரன் எதிரே நின்றான். தாடி வளர்ந்து, தோள் இறங்கிப் போயிருந்தான். அரசாங்க வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

"எட்டாவதுங்க."

"எட்டாவது படிச்ச நீ பழைய துருவுக்கும் புதுத் துருவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிச்சிட்டே. சரி. பழைய விரிசல்னு தெரிஞ்சும் ஏன் தேய்ச்சே?"

"அழுக்கோட ஐயா கையில குடுக்கக்கூடாதுன்னுங்க."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்டிரேட்டுகூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். "ஒரு ஆளோட உசிரு போன இரும்பைப் பாத்திரம் துலக்குற மாதிரி துலக்கினியா?" என்று வக்கீல் மேலும் கேட்டார். "ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? மதுரைவீரன் மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை, எனவே விடுதலை. முதலாளி மேல் கேஸ் போடத் துரு வேண்டும். துரு என் தொட்டியில் கரைந்து சாக்கடையோடு போய்விட்டது.

மதுரைவீரனைப் பார்க்கப் போனேன். அவன் குடிசை வாசலில் கயிற்றுக்கு முறுக்கேற்றிக்கொண்டிருந்தான். யாரும் அவனை விஞ்ச் பக்கம் சேர்ப்பதில்லை. பாப்பாயி என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள்.

"மன்னிச்சிருண்ணே" என்றேன்.

"அத வுடு. வெளிய வந்துட்டேன்ல" என்றான் தலை நிமிராமல். "ஆனா சந்தேகம்னுதானே வுட்டாங்க. இவன் செய்யலைன்னா சொன்னாங்க? சின்னையன் பொண்டாட்டி தெனமும் வேலைக்குப் போறப்பவும் வர்றப்பவும் நம்ம வாசல்ல துப்பிட்டுப் போறா. நான் சொன்னா நம்புவாளா? கோர்ட்டுல அத்தனை பேருக்கு முன்னால சொன்னியே, போய் அவகிட்டச் சொல்லு."

சின்னையன் மனைவி அழகம்மாள் குவாரி மேட்டில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். என் அம்மா உட்கார்ந்து உடைத்த அதே வெயில்தான். அங்கிருந்த பெண்கள் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துச் சுத்தியலை நிறுத்தினார்கள். அவள் நிறுத்தவில்லை.

"அக்கா, சங்கிலி ஏற்கெனவே விட்டிருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். மதுரைவீரன் மேல தப்பில்ல."

"பாத்தவன் அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"துருவ நான் கழுவிட்டேன். என்னைக் கேட்டாங்க. கழுவலேன்னு பொய் சொல்லிட்டேன்."

"ஏன்?"

"வேலைக்காக."

சுத்தியல் நின்றது. அவள் என்னைத் திட்டுவாள், கல்லெடுத்து எறிவாள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. குடிசைகள் இருந்த பக்கம் பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"அப்ப நான் அவ வாசல்ல துப்புனதெல்லாம்?" என்றாள்.

அவள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த கல்தூசியைத் தட்டாமலே பாப்பாயி குடிசையை நோக்கி நடந்தாள். பின்னாலேயே போக எனக்குக் கால் வரவில்லை.